ஆரையும் விட ஏலா

கல்யாண வீட்டில் நானாவின் கேமரா முதலில் போகிற இடம் மணவறை இல்லை, சமையல் கொட்டகை. வெங்காயம் உரிக்கிற பெண்கள், சோறு வடிக்கிறவர், அவர் தலைக்கு மேல் குடை பிடித்து நிற்பவர், சட்டி கழுவுகிறவர் என்று ஒவ்வொரு முகத்திலும் சற்று நின்றுவிட்டுத்தான் மாப்பிள்ளையிடம் வருவார். அதற்குள் மாப்பிள்ளையின் பட்டுச் சட்டை வேர்வையில் நனைந்திருக்கும்.

"வாறன் தம்பி, வாறன். நீங்க எப்பிடியும் படத்துல ஈப்பீங்க. விடுபட்டுப் போறது அவங்கதான்" என்பார்.

அவருடைய ஸ்டூடியோ புளத்கொகுபிட்டிய பஸ் நிலையத்துக்கு எதிரே, ஆணியும் பெயிண்டும் விற்கிற கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பலகையில் அவருடைய பெயரைப் பெரிதாகத்தான் எழுதியிருந்தார்கள். அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. சுற்றியுள்ள தோட்டங்களில் அவர் ஸ்டூடியோ நானா; முஸ்லிம்களுக்கு அண்ணன் என்றால் நானா, அக்கா என்றால் ராத்தா. சிங்களவர்களுக்கும் அவர் நானாதான்.

நான் அவரிடம் விளக்குப் பிடிக்கிறவனாக இருந்தேன். காலையில், தேயிலையும் ரப்பரும் உள்ள எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டு. பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, சட்டை மாற்றி டவுனுக்கு இறங்கினால், கல்யாணமோ சடங்கு வீடோ கோயில் திருவிழாவோ, நீளக் கம்பியில் விளக்கைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடக்க வேண்டும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் ரப்பர் பால் வாடை போகாது. "மாப்புள்ளக்கிக் கிட்டப் போக முந்தி கொஞ்சம் பூசிக்கோங்க" என்று சட்டைப் பையிலிருந்து சின்ன அத்தர் குப்பியை எடுத்து நீட்டுவார். பால் வாடையும் அத்தர் வாசமும் சேர்ந்து வருகிற ஆள் என்று என்னை இருட்டிலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எனக்கு அந்த வேலை பிடித்துப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. நாலு பேர் முன்னால் நின்றால் எனக்குக் கை கால் எங்கே வைப்பது என்று தெரியாது. விளக்குப் பிடிக்கிறவனை யாரும் நிமிர்ந்து பார்க்க முடியாது, கண் கூசும். ஆனால் நானா விடுவாரா? எல்லாரையும் எடுத்து முடித்ததும் சட்டென்று கேமராவை என் பக்கம் திருப்புவார். நானும் சட்டென்று விளக்கைக் கேமராவுக்கு நேரே திருப்புவேன். அன்றைய வீடியோவில் அந்த இடம் முழுக்க வெள்ளையாக இருக்கும்.

"ஒங்கட மூஞ்சி சூரியன் மாதிரி ஈக்குது தம்பி. பாக்கவே ஏலா" என்பார்.

'ஆரையும் விட ஏலா', யாரையும் விட முடியாது, என்பது அவருடைய ஓயாத பேச்சு. அது எப்படி வந்தது என்று ஒருநாள் பஸ்ஸில் வரும்போது அவரே சொன்னார். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு தோட்டத்துக் கல்யாணம். பெண்ணின் தாய்மாமன் சீர்த்தட்டோடு வருகிற நேரம் பார்த்து நானா பேட்டரி மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து வீடியோ பார்த்தார்கள். தட்டு இருந்தது, மாமன் இல்லை. அந்த மனிதர் எழுந்து போனவர் மாதக்கணக்கில் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

"கூப்புடாத்துக்குக் கோவிச்சா ஞாயம். கூப்புட்டுப் போன மனிசன், வீடியோவுல இல்லாத்துக்குப் பேச்ச நிப்பாட்டிட்டாரு. என்னால ஒரு குடும்பம் ரெண்டாப் போச்சி."

"அப்பறம் என்னா செஞ்சீங்க நானா?"

"என்தா செய்ற? போய்க் கால்ல விழாத கொறயா மாமனக் கூட்டி வந்து, மாப்புள பொண்ணுக்குத் திரும்ப உடுப்பு உடுத்தி, திரும்ப எடுத்தன். பொண்ணுக்கு அப்ப ஆறு மாசம். வகுத்துக்கு முன்னால தட்டப் புடிச்சிட்டு நிண்டிச்சி. மாமன் குடுத்த தட்ட அது வாங்கின பொறகு விடவே இல்ல. எல்லாரும் நெனச்சாங்க, மாமன் மேல அவ்வளவு பாசமெண்டு."

அதற்குப் பிறகு அவர் யாரையும் விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுக்கப் போனால், வராத பிள்ளைக்காக இன்னொரு நாள் போவார். அன்றைக்கு வேறொரு பிள்ளை வராது. பெரிய சேர், பள்ளிக்கூடத்து அதிபர், தலையில் கை வைத்துக்கொள்வார். பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவரோடு துணைக்கு வந்தவரையும் "நீங்களும் சும்மா ஒருக்கா உக்காருங்க" என்று உட்கார வைப்பார். இப்படிச் சும்மா எடுத்த படம் ஒன்றை, பல வருடம் கழித்து, ஒரு மரண அறிவித்தலுக்காக ஒரு வீட்டார் வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். அந்த மனிதரை வேறு யாரும் படம் எடுத்திருக்கவில்லை.

இப்படிப்பட்டவர் ஒரு சினிமாப் படம் எடுக்கப் போனால் என்ன ஆகும்?

அவர் சினிமா எடுக்கப் போனதற்குக் காரணம் டோக்ரி. நானா கல்யாண வீடியோக்களுக்குப் பாட்டுத் தேடி யூடியூப்பில் நுழைந்து, ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவி, ஒருநாள் யாருக்கும் தெரியாத பாஷையில் ஒரு படத்தில் போய் விழுந்தார். மலைச்சரிவில் கல் வீடுகள், மேலே ஏறுகிற ஒரு ஒற்றையடிப் பாதை, கட்டிலில் உட்கார்ந்து புகை பிடிக்கிற ஒரு கிழவர். அவர் பேசுகிற பேச்சு இந்தி மாதிரி இருக்கும், ஆனால் இந்தி இல்லை. நானா விசாரித்து, இந்தியாவின் வடக்கு மூலையில் ஜம்மு என்கிற இடத்தில் பேசுகிற டோக்ரி பாஷை அது என்று கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு கடைக்கு வருகிற எல்லாரிடமும் டோக்ரிதான்.

தோட்டத்தில் அது 'டாக்டரி' என்று பரவியது. நானா டாக்டரிப் படம் பார்க்கிறாராம் என்று கேள்விப்பட்டு, எங்கள் மேட்டு லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ராசம்மா அக்கா மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"நானா, முட்டிவலிக்கு அதுல என்னமும் சொல்றாங்களா?"

"ராத்தா, அது டாக்டரி இல்ல, டோக்ரி. ஒரு பாஷ."

"பாஷையா? அத வெச்சி என்னா செய்ய?" என்றவர், ஏறி வந்ததுதான் வந்தோம் என்று உட்கார்ந்து படத்தைப் பார்த்தார். முடிவில், "அந்தக் கெழவனுக்கும் முட்டிவலிதான். நடையப் பாத்தாலே தெரியுது" என்றார்.

நானா எனக்கு விளக்கிச் சொன்னார். டோக்ரியில் ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஒரு படம் வந்ததாம். அதற்குப் பிறகு வருடக்கணக்காகச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லையாம். சின்ன கேமராவும் போனும் வந்த பிறகு அங்கே ஒருவர் பார்த்து ஒருவர் எடுக்கத் தொடங்கிவிட்டார்களாம். மாமியும் மச்சானும்தான் நடிகர்கள். தியேட்டர்காரன் வாங்க மாட்டான் என்றால் ஒரு மண்டபத்தில் துணி கட்டிப் போடுகிறார்கள்.

"அங்க பொடியன்மாருக்கு வெளிய ஹிந்தி, வீட்டுக்குள்ள டோக்ரி. ஒங்கட ஆக்களுக்கு வெளிய சிங்களம், வீட்டுக்குள்ள ஒங்கட பேச்சு. ரெண்டும் ஒண்டுதான்."

"எங்க பேச்சு தமிழ்தானே நானா?"

"தமிழ்தான். அந்தத் தமிழ ஒரு படத்துலயாவது கேட்டீக்கிறீங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை.

கதை சின்னக் கதை. தீபாவளிக்கு முந்தின நாள். கொழும்பில் கடையில் வேலை செய்கிற மகள் வருகிறாள் என்று அப்பா ரோட்டுக்கு இறங்கி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார். பஸ் வரவில்லை, மழை வருகிறது. மகளோ வேறு பஸ்ஸில் வந்து, குறுக்குப் பாதையில் ஏறி, வீட்டுக் கதவுக்கு முன்னால் நிற்கிறாள். கதவு திறக்கிறது. அவ்வளவுதான். நானா இதை ஒரு கிழமையில், ஏழே நாளில், முடிப்பதாகச் சொன்னார். மாதக்கணக்கில் இழுத்தது. ஏனென்றால் ரோட்டில் காத்து நிற்கிற அப்பாவை யாராவது கடந்து போக வேண்டும் இல்லையா? தோட்டமே கடந்து போனது.

முதல் நாள் எங்கள் ஆட்கள் செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். அவர்களுக்கு நானாவின் கேமரா என்றால் கல்யாணக் கேமரா. என் விளக்கு எரிந்ததும் சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, கேமராவைப் பார்த்து வரிசையாக நின்றுவிட்டார்கள். கொழுந்துக் கூடையோடு வர வேண்டியவர்கள் கூடையை எங்கேயோ ஒளித்துவிட்டு நகை போட்டு வந்திருந்தார்கள். நானாவுக்கும் கை பழகிய பழக்கம், தன்னை மறந்து, "ஆ, குடும்பமா நில்லுங்க, ஒயரமானவங்க பின்னுக்கு" என்று சொல்லி, எல்லாரையும் எடுத்து முடித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அது சினிமா என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

அம்மா வேஷம் மாரியம்மாவுக்கு. அப்பாவாக நடித்தவர் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்கிற கறுப்பையா அண்ணன். ஒத்திகையில் நன்றாகப் பேசினார். கேமரா ஓடியதும் நெஞ்சை நிமிர்த்தி, "மகளே! உன் வரவை எண்ணி என் விழிகள் பூத்துவிட்டன!" என்றார்.

"கறுப்பையா அண்ணே, நெசமா ஒங்கட மகள் வந்தா என்தா செல்லுவீங்க?"

"என்னா சொல்ல? 'வந்துட்டியா'ம்பேன்."

"அதச் செல்லுங்க."

"அதெல்லாம் ஒரு வசனமா நானா? அதுக்கு எதுக்கு கேமராவும் லைட்டும்?" என்று அண்ணன் கோபித்துக்கொண்டு பாறையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாருக்கும் இதே பிரச்சினைதான். படம் என்றால் படத்துத் தமிழ் பேச வேண்டும் என்று நினைத்தார்கள். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பேசுகிற மாதிரிப் பேசச் சொல்லி நானா கெஞ்சினார். "பீலியில பேசுறதப் பேசுனா ஊருக்குள்ள வெட்டுக் குத்து விழும், பரவால்லயா?" என்று பெண்கள் கேட்டார்கள். பஸ் கண்டக்டர் ஒருவர், சிங்களவர், தினமும் பஸ்ஸை நாங்கள் படம் எடுக்கிற முடக்கில், அந்த ரோட்டு வளைவில், மெதுவாக்கி, வாசலில் தொங்கிக்கொண்டு, "நானே, மாவத் கண்ட! மாவத் கண்ட!" என்று கத்துவார். என்னையும் எடுங்கள் என்கிறார். கதையின்படி அந்த பஸ் வரவே கூடாது. நானா அவரையும் எடுத்தார்.

ராசம்மா அக்காவுக்குக் கிடைத்தது ஒரு வரி. குடையோடு கடந்து போகையில் அப்பாவைப் பார்த்து, "மழ வருது, புள்ள நனஞ்சிக்கிட்டு வரப்போவுது" என்று சொல்ல வேண்டும். அக்கா தனியாக இருக்கிறவர். புருஷன் செத்துப் பல காலம். ஒரே மகன் சிவா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தீபாவளிக்குத்தான் கடையில் கூட்டம் என்று இரண்டு தீபாவளியாக அவன் வரவில்லை. அந்த வரியைச் சொன்னவர் அதோடு நிற்கவில்லை. கூரைத் தகரம் ஒழுகுவது, பிள்ளைகள் குடையை மறந்துவிட்டுப் போவது, கொழும்புத் தண்ணி ஒத்துக்கொள்ளாதது, வருகிற பிள்ளைக்குச் சுடச்சுடத் தேங்காய் ரொட்டி சுட்டு வைக்க வேண்டியது என்று போய்க்கொண்டே இருந்தார். நிஜ மழையும் வந்துவிட்டது. நானா நிறுத்தச் சொல்லவில்லை. அவர் யாரையும் நிறுத்தச் சொன்னதே இல்லை. என் கைதான் கடுத்தது.

இப்போது எங்கள் பக்கத்தில் போன் வைத்திருக்கிற எல்லாரும் படம் எடுக்கிறார்கள். றக்வானத் தோட்டங்களிலிருந்துகூட வருகிறது. எல்லாம் வீட்டுப் பேச்சுத்தான், யாரும் விழி பூத்தது என்று சொல்வதில்லை. நானா பார்வை மங்கி, ஸ்டூடியோவை மூடிவிட்டு, மகள் வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் எடுத்த நாளில் எங்களுக்கு முன்னால் பார்த்து எடுக்க ஒன்றும் இருக்கவில்லை. டோக்ரிக் கிழவர்தான் இருந்தார்.

நானாவின் படம் எடுத்து முடிந்தபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு செய்தி வந்தது. சின்னச் சின்னப் பாஷைகளில் வருகிற படங்களை மட்டும் ஒரு மண்டபத்தில் போட்டுக் காட்டப் போகிறார்களாம். அதில் டோக்ரிப் படம் ஒன்றும் உண்டாம். தோட்டத்துப் பேச்சில் எடுத்த படம் என்று கேள்விப்பட்டு நானாவையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. படம் அரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது.

நானா அன்று முழுக்க யாரையும் படம் எடுக்கவில்லை.

"டோக்ரிக்காரனும் நாங்களும் ஒரே தெரையில தம்பி. இதுக்குப் பொறகு இன்னொரு சந்தர்ப்பம் வருமா?" என்பார். உடனே, "ஆர வெட்டுற?" என்பார்.

கம்ப்யூட்டர் முன்னால் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஒவ்வொரு முகமாக வரும். கை மவுஸில் இருக்கும், விரல் அசையாது. கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க தினம் வெட்டுற ஆள்தானே. ஒங்களுக்கு ஒண்டும் தோணல்லயா? ஒரு மரமாவது அழுதீக்கா?"

"எல்லா மரமும் அழுவத்தானே நானா செய்யிது? அதத்தானே செரட்டையில புடிக்கிறோம்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்டக்டரை வெட்டினார். அதுதான் முதல் வெட்டு.

ஆனால் சொல்லாமல் வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் லயம் லயமாக ஏறி இறங்கினோம். வாசலில் நின்று, "அல்லாவுக்காக மன்னிச்சுக்கோங்க, ஒங்கள வெட்டிட்டன்" என்பார். கேட்கிறவர் முதலில் திடுக்கிடுவார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒருவர், "என்னைய வெட்டுங்க, என் மாட்ட வெட்டாதீங்க. அது ஒழுங்கா நடிச்சிச்சி" என்றார். இன்னொருவர், "எங்க சம்மந்தி இருக்காரா?" என்று கேட்டார். சம்மந்தியும் இல்லை என்றதும் முகம் மலர்ந்து தேத்தண்ணி கொடுத்தார். ஒரு வீட்டில் புருஷனை வெட்டி மனைவியை வைத்திருந்தோம். அந்த அம்மா கேட்டதும், "நல்ல காரியம் செஞ்சீங்க நானா" என்று உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னார். நானா எதிர்பார்த்த மாதிரி யாரும் பேச்சை நிறுத்தவில்லை. எல்லாரும் கொழும்புக்கு வருவதாகத்தான் சொன்னார்கள்.

மேட்டு லயத்துக் கடைசி வீட்டில் ராசம்மா அக்கா. அவர் பேச்சை எங்கே வெட்டினாலும் பாதியில் பிடுங்கிய மாதிரி இருந்தது. முழுதாக வைத்தால் படத்தில் கால்வாசி அவரே. கடைசியில் முழுதாகவே வெட்டிவிட்டிருந்தோம். நானா வாய் திறப்பதற்குள் அக்கா தொடங்கிவிட்டார்.

"நானா! சிவா லீவு கேட்டிருக்கானாம். 'எங்கிட்ட வரத்தான் நேரமில்ல, என்னையப் படத்துல பாக்கவாச்சும் வாடா'ன்னு போன்ல சொன்னேன். கடைக்காரரு சரின்னுட்டாராம். எங்கம்மா படத்துல வர்றான்னு கூட வேல செய்றவங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்கான்."

நானா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். உண்மையிலேயே ஒழுகுகிற தகரம்தான்.

"சந்தோசம் ராத்தா" என்று சொல்லிவிட்டு நானா இறங்கி நடந்தார். பாதி வழியில் நின்று, "திரும்பப் போட்டுட்டா?" என்றார். போட்டால் படம் அரை மணியைத் தாண்டிவிடும். கடந்து போகிற மற்ற எல்லாரையும் வெட்டினாலும் தாண்டும். "பஸ்ஸுல வெச்சிச் செல்லிடுறன்" என்று முடிவு செய்தார்.

கொழும்புப் பட விழாவுக்குப் போகிற அன்று வாடகை பஸ் பிடித்திருந்தோம். அக்கா சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். கேகாலை வருவதற்குள் நானா அவர் பக்கத்து இருக்கையில் மூன்று தரம் போய் உட்கார்ந்து எழுந்து வந்தார். வரக்காப்பொலயில் தேத்தண்ணிக்கு நிறுத்தினபோது, இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அக்கா எள்ளுருண்டைக் கடையில் நின்று, "சிவாவுக்குச் சின்ன வயசுல இதுன்னா உசுரு" என்று பார்சல் கட்டிக்கொண்டிருந்தார். நானாவும் ஒரு எள்ளுருண்டையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அது இருக்கிறவரை பேச வேண்டியதில்லை.

மண்டப வாசலில் சிவா நின்றான். கடைச் சட்டையோடு வந்திருந்தான். அம்மாவைப் பார்த்ததும், "வந்துட்டியா?" என்றான். கறுப்பையா அண்ணன் என் விலாவில் இடித்தார். நல்ல வசனம்தான் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்கும்.

முதலில் டோக்ரிப் படம். அடியில் இங்கிலீஷில் எழுத்து ஓடியது, எங்களில் அதை வாசிக்க ஆளில்லை. ராசம்மா அக்கா முன் வரிசையில் இருந்து எல்லாருக்கும் விளக்கினார். "மாமியா வீட்டுல சண்ட போட்டுக்கிட்டு வந்துட்டான். பாரு, அப்பன்காரன் ஒண்ணும் கேக்க மாட்டான். தின்ன ஒண்ணு குடுப்பான்." திரையில் அப்பன் ஒரு ரொட்டியை எடுத்து மகனிடம் நீட்டினான். பின்னால் உட்கார்ந்திருந்த கொழும்பு ஆட்கள் வியந்து போனார்கள்.

அடுத்தது எங்களுடையது. நானாவும் நானும் கடைசிச் சுவரோடு நின்றோம். அப்பா ரோட்டில் நிற்கிறார். கூடையோடு பெண்கள் போகிறார்கள். மாடு போகிறது, உண்மையிலேயே ஒழுங்காக. மண்டபம் சிரித்தது. மழை தொடங்கியது. நானா என் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா வர வேண்டிய இடம் அதுதான். முன் வரிசையில் அக்கா மகன் தோளைத் தட்டி நிமிர்ந்து உட்காருவது தெரிந்தது. திரையில் மழை மட்டும் பெய்தது. பிறகு மகள் குறுக்குப் பாதையில் ஏறினாள். வீட்டு முன்னால் நின்றாள். அவள் தட்டக் கை தூக்குவதற்கு முன்பே கதவு திறந்தது. படம் முடிந்தது. கை தட்டினார்கள்.

விளக்குப் போட்டதும் அவர் நேரே முன் வரிசைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். சிவா அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீ எங்கம்மா? நான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன்?"

"ராத்தா" என்றார் நானா. "ராத்தா, ஒங்கள வெட்டிட்டன். வீட்டுக்கு வந்த அண்டைக்கே செல்லியீக்கணும். ஏலாமப் போச்சி."

ராசம்மா அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னைய வெட்டிட்டீங்களா? அப்ப அந்தக் கதவத் தொறந்தது யாரு?"

நானாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

"என்னா நானா முழிக்கிறீங்க? அம்மாவா நடிச்ச மாரியம்மா அன்னிக்கி வேலைக்குப் போயிட்டால்ல. கதவு மழைக்கு ஊதிப் போயி இறுகிக் கெடந்துச்சி. உள்ள நின்னு இழுத்தது நான்தானே? 'கை கூடத் தெரியக் கூடாது ராத்தா, தெரிஞ்சா கெட்டுப் போகும்'னு சொன்னது யாரு?"

நானா வாயில் கையை வைத்துக்கொண்டார். சொன்னது அவர்தான். ஒரு மனிதரைப் படத்துக்கு வெளியே நில்லுங்கள் என்று தன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அதையும் மறந்துவிட்டார். வெளியே விளக்கோடு நின்ற எனக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் யார் என்று பார்க்கத் தோன்றவில்லை.

"அந்த மழப் பேச்செல்லாம் போவட்டும். அதான் மழையே வந்துருச்சே" என்றார் அக்கா. பிறகு மகன் பக்கம் திரும்பி, "நீதான் கதவு தொறக்கயில வேற எங்கயோ பாத்துக்கிட்டிருந்த" என்றார்.

"நான் உன்னையத் தேடிக்கிட்டிருந்தேன்மா."

நானா அங்கே இல்லை. மண்டபத்துக்குப் பின்னால் படம் ஓட்டுகிற மெஷின் அறைப் படியில் சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவது தெரிந்தது. சற்று நேரத்தில் அறைக்குள்ளிருந்து சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கெஞ்சுகிற சத்தம் கேட்டது. எழுந்து போகத் தொடங்கியிருந்தவர்கள் நின்றார்கள். விளக்கு அணைந்தது. அடுத்த படத்துக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ கோபமாகச் சொன்னார்கள்.

திரையில் மகள் பாதையில் ஏறி வந்தாள். கதவுக்கு முன்னால் நின்றாள். பையைத் தோளில் மாற்றிக்கொண்டு கையைத் தூக்கினாள்.

சிவா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். கதவு திறந்தது.

"அம்மா!" என்றான்.

"கத்தாதடா" என்றார் அக்கா. எள்ளுருண்டைப் பார்சலைப் பிரித்து அவன் மடியில் வைத்தார்.